கருமலையின் பெயர்

படையிலிருந்து ஓய்வுபெற்ற விலங்குகள் ஒரே கொட்டகையில் வாழ்ந்தன. ஆண்டுக்கு ஒரு நாள் காலையில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கிழட்டுக் குதிரை பவளன், போரில் மாண்டவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். கூட இருந்து பழகியவர்கள் அவர்களுக்காக "உள்ளேன்" என்று பதில் சொல்வார்கள்.

கருமலையின் பெயருக்குப் பதில் சொல்வது மின்னி என்ற நாய். காலில் குண்டடிபட்ட அவளைப் பனிமலையிலிருந்து சுமந்து இறக்கிய கோவேறு கழுதை அவன். மற்றவர்களைக் கொண்டுவர மறுபடி மேலே போனவன் திரும்பவில்லை.

இந்த ஆண்டு பவளனுக்குக் கடைசிப் பெயர் நினைவுக்கு வரவில்லை. தலைகுனிந்து நின்றார். வரிசை கலையத் தொடங்கியது.

மின்னி நொண்டியபடி முன்னால் வந்து, "உள்ளேன்" என்றாள்.

"நான் இன்னும் கூப்பிடலையே, தங்கச்சி."

"கூப்பிட்டீங்க அண்ணே. மெதுவாக் கூப்பிட்டீங்க. கருமலைன்னு எனக்குக் கேட்டுச்சு."

பவளன் அவளையே பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கொட்டகை அதிர அந்தப் பெயரைச் சொன்னார்.

"உள்ளேன்" என்றாள் மின்னி. வரிசை முழுவதும் அவளோடு சேர்ந்து சொன்னது.