விரலிடைக் கோடுகள்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறுபடி சேர்த்துப் பிடித்தான். நடுவே நூல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து.

இடது கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியே பஸ் ஸ்டாண்டு விளக்கைப் பார்த்தான்.

இருந்தன.

கறுப்புக் கோடுகள். நெட்டுக்குத்தாக, மயிரிழை மயிரிழையாக.

நேற்று, எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தைக் கையால் மறைத்தபோதுதான் முதலில் கண்ணில் பட்டன. அதிலிருந்து வெளிச்சம் கண்ட இடத்தில் எல்லாம் விரல் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. டீக்கடை டியூப் லைட். கோயில் வாசல் பல்பு. எதில் பார்த்தாலும் கோடு.

அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கண்ணுக்குள் கறுப்பு நூல் ஓடுகிறது என்பார். யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவரைக் கைபிடித்துத்தான் வாசலுக்கு அழைத்து வந்தார்கள்.

டிரைவர் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் பஸ் நிறைந்துகொண்டிருந்தது. எஸ்டேட் சனங்கள், கைப்பிள்ளைகள், மூட்டைகள். மலையடிவாரம்வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். பொழுது இறங்கிவிட்டது.

டாக்டரிடம் போனால் ஸ்டியரிங் போய்விடும்.

போகாவிட்டால்?

"என்ன அண்ணாச்சி, விரலுக்குள்ள படம் ஓடுதோ?"

கண்டக்டர் தளவாய். பையைத் தோளில் ஏற்றியபடி பக்கத்தில் வந்து நின்றான்.

மறைக்கத் தெம்பில்லை. சொன்னான்.

தளவாய் தன் விரல்களைச் சேர்த்து விளக்கைப் பார்த்தான். டிரைவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும்தான் தெரியுது. கோடு கோடா."

"நெசமாவா?"

"இதுக்கா பேயடிச்ச மாரி இருக்கீங்க? பிளஸ் டூவுல படிச்சதுதான். சின்ன மடை வழியா தண்ணி வந்தா அந்தப் பக்கம் விரிஞ்சுல்லா போவும். வெளிச்சமும் அப்படித்தான். விரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு மோதி, அங்கங்க இருட்டாயிரும். கண்ணுல ஒண்ணுமில்ல."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. துடைத்துக்கொண்டான்.

"வேணும்னா விரல அகட்டிப் பாருங்க. கோடெல்லாம் ஓடிரும்."

தளவாய் டிக்கெட் கேட்டுக்கொண்டே பின்னால் போய்விட்டான்.

அவன் விரல்களை அகட்டினான்.

கோடுகள் கலைந்தன. ஒவ்வொன்றாக, சொன்னபடியே.

கையையே எடுத்துவிட்டான். முழு விளக்கும் தெரிந்தது.

கண்ணைச் சிமிட்டினான். இன்னொரு முறை சிமிட்டினான்.

"கோடு போயிட்டா அண்ணாச்சி?" பின்னாலிருந்து தளவாய்.

விளக்கின் குறுக்கே, ஓரத்திலிருந்து மெல்ல, ஒரே ஒரு கறுப்பு நூல் இறங்கிக்கொண்டிருந்தது.

விசில் ஒலித்தது.

யாரோ ஒரு பிள்ளை, வண்டி கிளம்பப்போகிறது என்று கைதட்டியது.

சாவியை அவன் இன்னும் திருகவில்லை.