மூட்டைக்காரி

“இன்னும் மூணு மணி நேரம்தான்ப்பா இருக்கு. அதுக்குள்ள மூட்டைக்காரியைத் துடைச்சுட்டா, உங்க பேர்ல இருக்கிற கறையும் போயிடும்.”

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள் மகள். பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிதாக்கித் தரும் இடம் அது. எப்போதோ அப்பா எடிட் செய்த நகைச்சுவைப் படம், சுற்றிச் சுற்றி அவள் மேசைக்கே வந்திருந்தது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். நாளை மறுநாள் தியேட்டரில்.

அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார்.

“எத்தனை தப்பும்மா கண்டுபிடிச்சே?”

“நான் எங்கே கண்டுபிடிச்சேன்? ஊரே கண்டுபிடிச்சு வச்சிருக்கு. சாப்பாட்டு சீன்ல மைக் மேலேருந்து எட்டிப் பார்க்குது, அதுக்கும் பசி போல. கார் கதவுப் பளபளப்புல கேமராமேன் தலை சொறியறது தெரியுது. எல்லாத்தையும் தூக்கிட்டேன். மிச்சம் உங்க மூட்டைக்காரிதான்.”

முதலாளிக்குப் பயந்து கதாநாயகன் அலமாரிக்குள் ஒளியும் காட்சி. அலமாரிக் கதவு ஆடும். அதில் பதித்த கண்ணாடியில், கேமராவுக்குப் பின்னால் நடந்துபோகும் ஒரு பெண் இரண்டு விநாடி தெரிவாள். கழுத்துக்கு மேலே தெரியாது. கையில் யாருடைய கோட்டோ தொங்கும். கோட்டுக்கு அடியில், வயிற்றோடு அணைத்தபடி ஒரு மூட்டை. ரசிகர்கள் அவளுக்கு மூட்டைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘எடிட்டர் தூங்கிட்டாரா?’ என்று அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் அவரைக் கூப்பிடவும் இல்லை.

மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தாயும் தகப்பனுமாக இருந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு ஃபிலிம் வெட்டியவர். அவர் கண்ணுக்கு ஒரு தூசி தப்பாது.

“இது ஒண்ணு மட்டும் எப்படிப்பா தப்பிச்சது?”

“தப்பிக்கலை.”

“சும்மா சொல்லாதீங்க. நீங்களும் மனுஷன்தானே! ஒரு நிமிஷம், இப்ப காணாமப் போயிடுவா பாருங்க.”

விரல் பொத்தானுக்குப் போனது. அப்பா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படிப் பிடிக்கிறவர் இல்லை.

“ஒரு தடவை மெதுவா ஓட்டும்மா.”

ஓட்டினாள். கதவு ஆடியது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அசைந்து அசைந்து நடந்தாள் அந்தப் பெண். அவள் கண்ணாடியைத் தாண்டும்வரை அப்பா மூச்சு விடவில்லை.

“இந்தப் படம் எந்த மூலையில ஓடினாலும் கிளம்பிப் போயிடுவீங்களே. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறதைக் கேக்கவாப்பா?”

“இந்த ரெண்டு விநாடிக்குத்தான்.”

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் படத்துக்குத் துணிமணியெல்லாம் உங்கம்மாதான் பார்த்துக்கிட்டா. இந்த ஷாட் என் மேசைக்கு வந்தப்போ அவ கண்ணை மூடிப் பத்து நாள். எல்லாரும் வெட்டிடுன்னாங்க. கத்தரியை எடுத்தேன், கை வரலை. போட்டோவுல நிக்கிறா, உக்காந்திருக்கா. நடக்கிறது இங்கே மட்டும்தான்.”

அம்மாவுக்குத் தையல் தெரியும் என்பது மட்டும்தான் மகளுக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் அசையாமல் சிரிக்கும் அந்த முகத்தை, திரையில் இருந்த கழுத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

“அப்ப... அந்த மூட்டை?”

கோட்டுக்கு அடியில் இருந்த உருண்டையை அப்பா விரல் நுனியால் தொட்டார்.

“மூட்டை இல்லம்மா. அது நீ.”