பம்ப்போ, செமியோ?

“பெத்த பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தின மனுசனுக்கு, இப்ப வீட்டைக் காக்கத் துவக்கு வேணுமாம்!”

காரின் பின் சீற்றிலிருந்து வேரோனிக்கா சொன்னது முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது. புருசன் செல்வரட்ணம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் ஓடிய அவளுடைய தம்பி மாக்கஸ்தான் சமாதானத்துக்கு வந்தான்.

“அக்கா, உங்கட ஸ்ரீட்டில கார்ச் சாவிக்காக வீடு வீடா உடைக்கிறாங்கள். அத்தான் பயப்படுறதில பிழையில்லை. ஆனா அத்தான், கடையில கள்ளனுக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இஞ்ச அதுக்கெண்டு துவக்கு தரமாட்டாங்கள். வாத்துச் சுட எண்டு சொல்லுங்கோ.”

இந்த ரூஜ் பகுதியில் வீடு வாங்கிய நாளிலிருந்து ஒரு எலியைக்கூட அடித்தறியாத செல்வரட்ணம், “வாத்துச் சுட” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அவளுக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மகன் றொய்சன் யூனிவேர்சிற்றியை விட்டுவிட்டு ட்ரக் ஓடப் போகிறேன் என்றபோது, “அப்ப இந்தப் படி மிதியாதை!” என்று கத்தினார் தகப்பன். அவன் வீட்டுச் சாவியைச் சாப்பாட்டு மேசையில் எறிந்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். கல்கரிப் பக்கம் ட்ரக் ஓடுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

ட்ரக் ஓடுகிறவன் எந்தச் சாமத்திலும் வரலாம். கையில் சாவி இல்லை. பெல் அடித்துவிட்டு வாசலில் காத்து நிற்கிற பிள்ளையும் இல்லை. வீம்பில் தகப்பனை உரித்துவைத்தவன்.

அதனால் செல்வரட்ணம் குறட்டை விடத் தொடங்கியதும் வேரோனிக்கா மெல்ல இறங்கிப் போய், பக்கக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டு வந்து படுப்பாள். காது கதவடியிலேயே கிடக்கும். அவனுடைய சப்பாத்துச் சத்தத்தை ஒருதரம் கேட்டால் போதும் என்று மனம் கிடந்து ஏங்கும்.

இனி அந்தக் கதவால் பிள்ளை வரும்போது, இந்த மனுசன் இருட்டில் துவக்கோடு நின்றால்?

கடையில் சுவர் முழுக்கத் துவக்குகள். ஊரில் துவக்கைக் கண்டு ஒழுங்கையால் ஓடித் தப்பிய சனம், இங்கே கிறெடிற் காட்டோடு வந்து நின்று தெரிவு செய்கிறது. என்ன சொல்ல!

வெள்ளைக்காரக் கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். மாக்கஸ் வருசா வருசம் வாத்து வேட்டைக்குப் போகிறவன். கடைக்காரர் வாய் திறக்க முன்னமே விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டான்.

“இது செமி ஓட்டோமற்றிக், அத்தான். விசையை அழுத்த அழுத்த வெடிக்கும். உது பம்ப். ஒவ்வொரு வெடிக்கும் உந்தக் கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேணும்.”

கடைக்காரர் பம்ப்பை இழுத்துத் தள்ளிக் காட்டினார். ‘சரக்... சரக்’ என்ற சத்தத்தில் வேரோனிக்கா திடுக்கிட்டுப் போனாள்.

செல்வரட்ணம் கேட்டார்: “பதட்டத்தில இழுக்க மறந்தா?”

“வெடிக்காது.”

“உந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேக்குமோ?”

“பின்னே? வாறவன் உசாராகிடுவான். அதுதான் சொல்லுறன், செமியை எடுங்கோ. அவன் மூச்சு விட முன்னம் அலுவல் முடிஞ்சிடும்.”

“பம்ப்பை எடுப்பம்.”

மாக்கஸ் தலையில் கை வைத்தான். “இவ்வளவு நேரமும் நான் ஆருக்குக் கதைச்சனான்? விலை குறைவெண்டு பாக்கிறியள் போல. சரி, லைசென்சைத் தாங்கோ.” வாங்கிக்கொண்டு கடைக்காரரோடு அடுத்த மேசைக்குப் போனான்.

வேரோனிக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. புருசனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இஞ்சருங்கோ, துவக்கு வேண்டாம். நான் ஒரு பிழை விட்டிட்டன். நீங்கள் படுத்தாப்பிறகு பக்கக் கதவைத் திறந்துவிடுறனான். றொய்சன் வந்தாலும் எண்டு...”

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரியும்” என்றார் செல்வரட்ணம்.

அவள் நிமிர்ந்தாள்.

“போன மாதம் காய்ச்சலுக்கு மருந்து குடிச்சிட்டு நீர் அயர்ந்து போனீர். அண்டைக்கு நான்தான் போய்த் திறந்துவிட்டனான்.”

“அப்ப பிறகேனப்பா துவக்கு? இண்டையில இருந்து கதவைப் பூட்டிப்போட்டே படுக்கிறன்...”

“பூட்டாதையும்!”

அடுத்த மேசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வரட்ணம் குரலைத் தணித்தார். தணித்த குரல் உடைந்துபோய் வந்தது.

“திறந்த கதவால கள்ளனும் வரலாம், அவனும் வரலாம். இருட்டில எனக்கு எப்பிடித் தெரியும்? பம்ப்பை இழுத்தா, அந்தச் சத்தத்துக்குக் கள்ளன் ஓடிடுவான். எங்கட பிள்ளையெண்டா, ‘அப்பா, நான்’ எண்டு சொல்ல நேரம் கிடைக்குமெல்லோ?”