நான்காவது வாய்க்கால்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓரெழுத்து பொய்யென்றாலும் என் மீசையை மழித்துக்கொள்கிறேன். குட்டை வற்றித் தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன. மூன்று வாய்க்காலிலும் தண்ணீர் விற்ற எலிகள் ஒரே நாளில் விலையை ஏற்றிவிட்டன. தாய்த் தவளை நீதிபதி ஓணானிடம் ஓடியது.

"மூன்று கடை இருக்கிறதே அம்மா, போட்டி பலமாகத்தானே இருக்கிறது?" என்று ஓணான் தலையாட்டியது.

"மூன்றுக்கும் தண்ணீர் விடுவது மதகில் உட்கார்ந்திருக்கும் ஒரே நண்டுதான் ஐயா. கொஞ்சம் மேலே நடந்து வந்து பாருங்களேன்."

"நடந்து பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் வேலை. சட்டம் கடைவாசலோடு சரி" என்ற ஓணான், போட்டியைப் பெருக்க நான்காவது வாய்க்கால் வெட்டச் சொன்னது.

திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டியது நண்டுதான், கத்தரிக்கோல்கூடக் கேட்கவில்லை. அங்கும் அதே விலை. அதற்குள் குட்டையில் சேறும் காய்ந்திருந்தது.

சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்கும் அந்த மதகுத் தண்ணீர்தான்.