துணைக்கு ஒரு ஆள்

“என்னம்மா, மறுபடியுமா?”

மேஸ்திரி ஒச்சப்பனின் குரல் அந்தப் புகையிலைக் கிட்டங்கி முழுக்கக் கேட்டது. வரிசையாக உட்கார்ந்து காம்பு கிழித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குனியாதவள் இன்னாசியம்மாள் மட்டும்தான்.

“மறுபடியும்தான். நீர்க்கடுப்பு நேரம் பாத்தா வருது? ஏண்டி பொன்னழகு, எந்திரி. துணைக்கு வா.”

“காலையிலருந்து இது நாலாவது தடவை!”

“எண்ணிக்கிட்டா இருக்கீக? வேற சோலி இல்லையா மேஸ்திரி?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

கிட்டங்கியில் சட்டம் அப்படி. மத்தியானம் கஞ்சிக்கு விடும்போது ஒரு தடவை வெளியே போய் வரலாம், அதோடு சரி. நோய் என்று வாயைத் திறந்தால், குணமானபிறகு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னாசியம்மாளை மட்டும் அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் ஒரு கட்டுக் கிழிப்பதற்குள் அவள் இரண்டு கட்டை முடித்துவிடுவாள். புருஷன் செத்த ஏழு வருஷமாக அவளுக்கும் மகளுக்கும் கஞ்சி ஊற்றுவது அந்தக் கைதான்.

ஒதுங்குவதற்குக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கிற புளியந்தோப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே ரயில் பாதை ஓரமாக எந்நேரமும் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பெண்ணும் தனியாகப் போகமாட்டாள்.

“நோவு உனக்கு. வேலை கெடுறது அவளுகளுக்கு. தடவைக்கு ஒருத்தியா இழுத்துக்கிட்டுப் போறியே, வெக்கமா இல்ல?”

“வெக்கப்பட்டா நின்னுபோகுமா?”

“நீ நடிக்கிற. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்.”

மேஸ்திரி விடுவிடுவென்று வெளியே போனார். எதிர்ச்சாரியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த பேச்சிமுத்துவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இன்னாசியம்மாள் பக்கத்தில் ஒரு பழைய ஓவல்டின் டப்பா இருந்தது. நாலு பேர் பார்க்க அதிலிருந்துதான் அவள் பொடி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மேஸ்திரி அதைத் தூக்கிப் பேச்சிமுத்து கையில் கொடுத்தார்.

“உங்க கடையில வாங்குன மருந்துங்கிறா. பாத்துச் சொல்லுங்க. பொய்யின்னா, நாளையிலருந்து இவளுக்கு இங்க வேலை கிடையாது.”

“நல்லாப் பாருங்கண்ணே” என்றாள் இன்னாசியம்மாள். அவள் குரல் நடுங்கவில்லை. தை மாசம் கல்யாணம் வைத்திருந்த பொன்னழகுக்குத்தான் உதடு துடித்தது.

பேச்சிமுத்து டப்பாவைத் திறந்தார். மோந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

வறுத்த மல்லிப்பொடி.

நிமிர்ந்து இன்னாசியம்மாளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. சொல்வதைச் சொல்லிக்கொள் என்று பார்த்தாள்.

“நெருஞ்சில் சூரணந்தான். என் கடைச் சரக்குதான்” என்றார் பேச்சிமுத்து. “கடுப்பு உள்ளவளை அடக்கி வைக்காதீக மேஸ்திரி. கிறுகிறுப்பு வந்து விழுந்தாலும் விழுவா. துணையில்லாமயும் அனுப்பாதீக.”

மேஸ்திரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?” என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள் இன்னாசியம்மாள். “வாடி பொன்னழகு.”

சாயங்காலம் வேலை விட்டு வந்தவளைப் பேச்சிமுத்து கடை வாசலில் வழிமறித்துப் பிடித்துக்கொண்டார்.

“மல்லிப்பொடியை நாக்குல வச்சுக்கிட்டு என்னையப் பொய் சொல்ல வச்சுட்டியே! முப்பது வருஷக் கடை இது. ஒரு சரக்கை இன்னொண்ணுன்னு நான் சொன்னதே கிடையாது. உனக்கு நோவுன்னு நம்பித்தான வாராவாரம் எட்டுப் பொட்டலம் சூரணம் கட்டிக் குடுக்கேன்? அதெல்லாம் எங்க போகுது?”

“போகவேண்டிய வயித்துக்குப் போகுதுண்ணே.”

“யாரு வயித்துக்கு?”

“பேரு சொல்லமாட்டேன். கழுத்தை நெரிச்சாலும் சொல்லமாட்டேன். பாதிப் பேரு கல்யாணம் ஆகாத பிள்ளைக. இந்த நோவுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? சூரணத்தைத் தின்னுட்டுச் செம்பு செம்பாத் தண்ணி குடிக்கணும்னு நீங்கதான சொன்னீக? குடிச்சதை இறக்க விடமாட்டேங்கிறாக. பிறகு எதுக்கு அந்த மருந்து?”

பேச்சிமுத்துவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் ஒன்று புரியவில்லை.

“சரி, அப்ப உனக்கு?”

“மாதா புண்ணியத்துல எனக்கு ஒரு கோளாறும் கிடையாது.”

“கோளாறு இல்லாதவ எதுக்கு அம்புட்டுப் பேரு முன்னால பேச்சு வாங்குற? எதுக்கு நாளுக்கு நாலு தடவை அவளுகளைத் துணைக்குக் கூப்பிடுற?”

இன்னாசியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அவளுக எங்கண்ணே எனக்குத் துணைக்கு வாராளுக? நானுல்ல அவளுகளுக்குத் துணைக்குப் போறேன்!”