மெரின் சொன்ன வாசகம்

மாதா கோயிலுக்குள் நான், என் மகன் சகாயநாதன், அவன் மகள் மெரின், வகுப்பில் அவளை மக்கு என்று சொன்ன மதலேன் டீச்சர். திருவிழாப் பூசைக்கு வாசகம் வாசிக்க டீச்சர்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார். மெரினுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். அவள் அப்பா வாசிக்கக் கேட்டே வாசகத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள். வண்ணக் கண்ணாடி வழியே வெயில் சிவப்பாக மேடையில் விழுகிறது. “புத்தகத்த நீங்களே புடிங்க, மதாம்,” என்கிறேன். மெரின் கண்களை மூடிக்கொண்டு சொல்கிறாள். டீச்சரின் விரல் வரி வரியாக ஊர்ந்து கடைசி வரியில் நிற்கிறது. “ஒரு சொல்லு தப்பாச்சா?” என்று கேட்கிறேன். இல்லை என்று தலையசைக்கிறார். “போதும்ப்பா,” என்று என் கையைப் பிடிக்கிறான் மகன். “போதாது. மதாம், வகுப்புல சொன்னத வகுப்புலயே வாபஸ் வாங்குங்க. நான் வந்து உக்காந்து கேக்கறேன்.” திருவிழாப் பூசை முடிந்ததிலிருந்து, மெரின் வாசிக்கக் கற்றுவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவளுக்கு இன்னும் வாசிக்க வராது.