வாய்மொழிக் குத்தகை

“இந்த வரியைச் சேர்த்தது யாரு?”

டீம் லீடர் சூர்யபிரகாஷ் கேட்டதும் அந்தத் தஞ்சாவூர் ஆபீஸில் கீபோர்டு சத்தம் நின்றது.

“நான்தான் சார்” என்றாள் தமிழ்நிலா.

“எடுத்துடுங்க.”

பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு அவர்கள் ஆப் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கேள்விக்கு எந்தெந்தப் பதில் செல்லும் என்பதை எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா என்ற ஃபைலாக அந்தக் கம்பெனியே அனுப்பிவிடும். அதை ஒரு டூலில் கொடுத்தால் போதும். அந்தப் பதில்களை மட்டும் ஏற்றுக்கொள்ளும் ‘எனம்’ கிளாஸ் என்ற புரோகிராம் துண்டை டூலே எழுதித் தந்துவிடும்.

‘நிலத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஸ்கீமாவில் இரண்டே பதில்கள். சொந்தம், பதிவுக் குத்தகை. டூல் எழுதிய கிளாஸில் தமிழ்நிலா கையாலேயே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். வாய்மொழிக் குத்தகை.

“சார், நம்ம பக்கம் எத்தனை பேரு வெறும் வாய்ப்பேச்சுல குத்தகைக்குப் பயிர் வைக்கிறாங்க! ஆப்புல அவங்களுக்கு இடமே இல்லையே?”

“ஸ்கீமாவுல இருக்கிறதுதான் கிளாஸ்ல வரணும். டூல் எழுதின ஃபைல்ல யாரும் கை வைக்கக் கூடாது.”

அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்துவிட்டு எழுந்து போனான்.

டீக்கடையில், பக்கத்து சீட் தௌபீக்கிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ரூல் பேசுறாராம், ரூலு! எங்கப்பா யாரு நிலத்துல பயிர் வைக்கிறாருன்னு தெரியுமா? இவரோட அப்பா வைத்தியலிங்கம் நிலத்துல. கீழ்வேளூர் பக்கம் ஒரே ஊருதான் நாங்க. எழுத்துல ஒண்ணும் கிடையாது.”

“அட! அதான் விஷயமா?”

“பின்னே? குத்தகைக்காரன் பேரு எங்கேயாவது ஏறிட்டா நாளைக்கு நிலத்துல உரிமை கேட்டுடுவான்னு பயம். போன மழையில சம்பா அத்தனையும் மூழ்கி அழுகிப் போச்சு. அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ்ல ஒரு பைசா வரல. இவருக்குத் தெரியாதா?”

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. சூர்யபிரகாஷ் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் வழக்கம்போல எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தான். வார நடுவில் லீவில் போனான், வந்தான்.

அந்த மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து புது ஸ்கீமா வந்தது. தமிழ்நிலா டூலை ஓட்டினாள். கிளாஸைத் திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது பதில் அதில் இருந்தது. ‘வாய்மொழிக் குத்தகை, நில உரிமையாளர் சம்மதத்துடன்.’

இந்த முறை யாரும் கையால் சேர்க்கவில்லை. டூலே எழுதியிருந்தது.

நேரே சூர்யபிரகாஷிடம் போனாள். “சார், இது...”

“வந்துடுச்சா? நல்லது. நீங்க கையால சேர்த்தது அடுத்த தடவை டூல் ஓடினதும் போயிருக்கும். போகாட்டியும் அவங்க சர்வர் அதை ஏத்துக்காது. ஸ்கீமாவுலயே வந்தாத்தான் நிக்கும். அதான் சென்னைக்கு நேர்ல போய்ப் பேசினேன். குறையைக் கண்டுபிடிச்சது நீங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்த மீட்டிங்ல நீங்கதான் விளக்கணும்.”

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

“அவங்க ஒத்துக்குவாங்களான்னு எனக்கே தெரியாதே!”

சீட்டுக்கு வந்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. சம்மதத்துடனாம்! எந்த நிலக்காரர் சம்மதிப்பார்?

செல் அடித்தது. அப்பா காத்தான் பேசினார்.

“நிலா, இன்ஷூரன்ஸ்காரங்க வந்து நம்ம வயலைப் பார்த்துட்டுப் போறாங்கம்மா. இந்தப் போகத்துலேருந்து என் பேர்லயே பதியுமாம்!”

“அதுக்கு நிலக்காரர் சம்மதிக்கணுமேப்பா?”

“அவரு கையெழுத்து போட்டுத்தான் நாளாச்சே. காரியம் முடியட்டும், அப்புறமா உங்கிட்ட சொல்லிக்கலாம்னு சூர்யா தம்பி சொல்லுச்சு.”

“அவங்க அப்பாவா போட்டாரு? எப்படி?”

“லேசுல எங்கே போட்டாரு? முடியவே முடியாதுன்னு குதிச்சாரு. ‘நம்ம நிலத்துக்கே நாம போடலேன்னா மத்த நிலக்காரங்களை எந்த மூஞ்சியோட கேக்குறது?’ன்னு என் முன்னாலயே சண்டை போட்டு, சம்மதக் கடுதாசியில முதல் கையெழுத்தை வாங்கிக்கிட்டுத்தாம்மா தம்பி சென்னைக்கே பஸ் ஏறுச்சு!”